உடன்பாடு 92%, கப்பா 0.46: எங்கே தவறு?

கேள்வி:
கல்விக் கொள்கை ஆவணங்களில் 'பொறுப்புக்கூறல்' எங்கெல்லாம் வருகிறது என்று இரண்டு பேர் தனித்தனியாகக் கோடிங் செய்தோம், அதாவது ஒவ்வொரு பத்திக்கும் 'உண்டு' அல்லது 'இல்லை' என்று குறியிட்டோம். மொத்தம் 100 பத்திகள். இருவரும் 'உண்டு' என்றது 4, இருவரும் 'இல்லை' என்றது 88. மீதி 8இல், நான் மட்டும் 'உண்டு' என்றது 4, அவர் மட்டும் சொன்னது 4. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு உடன்பாட்டை அளக்கும் கோகன் கப்பா 0.46தான் வருகிறது. மென்பொருளில் கோளாறா?

பதில் 1:
மென்பொருள் சரிதான், கையால் போட்டாலும் இதே விடை. இருவருமே 8 பத்திக்கு 'உண்டு', 92க்கு 'இல்லை' போட்டிருக்கிறீர்கள். தற்செயலாகவே ஒத்துப்போகக்கூடிய அளவு 0.08×0.08 + 0.92×0.92 = 0.8528. ஆக (0.92−0.8528) ÷ (1−0.8528) = 0.46. அரிதாக வரும் குறியீட்டுக்குக் கப்பா இப்படி இறங்கும்.

ஆனால் அதைச் சாக்காகச் சொல்லித் தப்ப முடியாது. 'உண்டு' என்பதில் மட்டும் எவ்வளவு ஒத்துப்போனீர்கள் என்று பாருங்கள்: 2×4 ÷ (2×4+8) = 0.50. அந்த 92% பெரும்பாலும் 'இல்லை'களின் தயவு.

கேட்டவர்:
வேறுபட்டவற்றில் ஒன்று: "பள்ளிகள் ஆண்டுதோறும் அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும்." எனக்கு அது பொறுப்புக்கூறல். அவர் வெறும் கண்காணிப்பு என்கிறார்.

பதில் 2:
நோய் அங்கேதான். யார், யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், தவறினால் என்ன நடக்கும், மூன்றும் இருந்தால்தான் பொறுப்புக்கூறல் என்று வரையறையை இறுக்குங்கள். அறிக்கை அனுப்புவதோடு நின்றால் கண்காணிப்பு. இந்த வாக்கியத்தையே 'சேராது' என்பதற்கு உதாரணமாகக் குறியீட்டுக் கையேட்டில் எழுதிவையுங்கள். தவறினால் எடுக்கும் நடவடிக்கை பற்றிய விதி நாலு பக்கம் தள்ளி, ஆணையின் கடைசியில் கிடந்தால் என்ன செய்வது? அதற்கும் முன்கூட்டியே ஒரு விதி வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் பத்தியை மட்டும் படிப்பார், மற்றவர் முழு ஆணையையும் மனதில் வைத்துப் படிப்பார்.

பழைய 100ஐ மறுபடி தொடாதீர்கள், விடை நினைவில் இருக்கும்.

பதில் 1:
புதுப் பத்திகளைச் சொல் தேடி மட்டும் எடுத்தால் சுலபமானவைதான் சிக்கும். பாதி தேடலில், பாதி குலுக்கலில் எடுக்கலாம். கலவை மாறினால் கப்பாவும் மாறும் என்பதால் எடுத்த விதத்தை ஆய்வேட்டில் சொல்லிவிடுங்கள். பேசித் தீர்ப்பதற்கு முன் வந்த எண்ணையே போடுங்கள், 4, 88, 4, 4 என்பது போன்ற நான்கு கட்ட அட்டவணையோடு.