மக்காச்சோளம் 18ம் நாள்: அட்ரசின் களைக்கொல்லி அடித்தும் சாரணை, கோரைக் களை. இனி என்ன அடிக்கலாம்?

மேழி:
3ம் நாள் அட்ரசின் 50% தூள் ஏக்கருக்கு 500 கிராம் அடித்தாச்சு. பிறகு 12 நாள் மழையும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. இப்போ சாரணை, குதிரைவாலிப் புல் மூணு இலையில் நிக்குது. ஒரு பக்கம் முழுக்கக் கோரை. டெம்போட்ரையான் களைக்கொல்லி டேங்குக்கு எத்தனை மில்லி? படைப்புழு மருந்தையும் சேர்த்தே அடிக்கலாமா? அடுத்த போகம் உளுந்து.

வரப்போரம்:
அட்ரசின் வேலை செய்யாததுக்குக் காரணம் ஈரம்தான். அதைக் களை பெரும்பாலும் வேர் வழியாத்தான் எடுக்கும். காய்ந்த மண்ணின் மேல் தூளாகக் கிடந்தால் முளைக்கிற விதை தப்பிச்சிடும். கோரை கிழங்கிலிருந்து வருவது, ஈரம் இருந்திருந்தாலும் அட்ரசினுக்கு அடங்காது.

டெம்போட்ரையான் 42 எஸ்.சி. (42% திரவ மருந்து) ஏக்கருக்கு 115 மில்லி, கூடவே மருந்து இலையில் ஒட்டிப் பரவ அதுக்கான ஒட்டுத்திரவம் 400 மில்லி. களை 2–4 இலையில் இருக்கணும், அதனால் இந்த வாரமே அடிங்க. ஒட்டுத்திரவத்தை மிச்சம் பிடிச்சால் புல் வெளுத்துட்டு மறுபடி பச்சை கட்டும்.

"டேங்குக்கு எத்தனை" என்று கேட்பதில்தான் பாதிப் பேர் தவறுறாங்க. மருந்துக் கணக்கு ஏக்கருக்கு. 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடம் அளந்து, வெறும் தண்ணியை வழக்கமான நடையில் அடிச்சுப் பாருங்க. அது ஏக்கரில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. 4 லிட்டர் செலவானால் ஏக்கருக்கு 160 லிட்டர், அதாவது 16 லிட்டர் டேங்கில் 10 டேங்க். அப்போ டேங்குக்கு மருந்து 11.5 மில்லி, ஒட்டுத்திரவம் 40 மில்லி. உங்க நடையும் நாசிலும் வேறென்றால் கணக்கும் வேறு. விசிறி நாசில் போடுங்க, பூச்சி மருந்துக்கு வைக்கிற கூம்பு நாசில் வேண்டாம்.

கருக்கு:
டெம்போட்ரையானோட அட்ரசினும் கலந்தால் களை நல்லாச் சாகும், ஆனா உங்களுக்கு வேண்டாம். ஏற்கெனவே 500 கிராம் போயிருக்கு, மண்ணும் காய்ந்து கிடந்திருக்கு. மிச்சம் தங்கினால் உளுந்து முளைச்சு இலையோரம் கருகும்.

கோரைக்கு ஹாலோசல்ஃபியூரான் 75% களைக்கொல்லி, ஏக்கருக்கு 36 கிராம், கோரை 3–4 இலையில் இருக்கும்போது. அந்தப் பக்கம் மட்டும் அடிச்சாப் போதும், பரப்புக்குத் தக்கபடி அளவைக் குறைச்சுக்கங்க. மஞ்சளாக ரெண்டு வாரம் ஆகும். நாலாம் நாளே "சாகலை"ன்னு மறுபடி அடிக்காதீங்க. ஊடே மண்ணைக் கிளறவும் வேண்டாம், கிழங்குக்கு மருந்து இறங்கணும்.

படைப்புழு மருந்தைச் சேர்க்காதீங்க. குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ் மாதிரி பாஸ்பரஸ் வகை என்றால் களைக்கொல்லிக்கு முன்னும் பின்னும் 7 நாள் இடைவெளி விடுங்க. மக்காச்சோளம் களைக்கொல்லியை உள்ளே சிதைச்சுத்தான் தப்பிக்குது. அந்தச் சிதைவை இந்த வகை மருந்து தடுத்திடும், பயிரும் சேர்ந்து அடி வாங்கும்.

மேழி:
நன்றி. கோரைக்கு 2,4-டி களைக்கொல்லி ஆகாதா?

கருக்கு:
மேல்பாகம் சுருளும், கிழங்கு திரும்ப முளைக்கும். தவிர, வளர்ந்த பயிரின் குருத்தில் விழுந்தால் இலை வெங்காயத்தாள் போலச் சுருட்டிக்கும், தண்டு முறுக்கென்று ஒடியும். பக்கத்துல பருத்தி, தக்காளி இருந்தால் தொடவே தொடாதீங்க.

வரப்போரம்:
ஒண்ணு விட்டுப் போச்சு. டெம்போட்ரையான் அடிச்ச பிறகு வரிசை முனையில், டேங்கோட திரும்புற இடத்தில், மக்காச்சோள இலையும் வெளுத்துத் தெரியலாம். அங்கே இரட்டைத் தெளிப்பு விழுந்திருக்கும். குருத்தைப் பிரிச்சுப் பாருங்க. புது இலை பச்சையாக வந்தால் பயிர் தேறிடும். இனிப்பு மக்காச்சோள (ஸ்வீட் கார்ன்) ரகம் என்றால் மட்டும் முதலில் நாலு வரிசையில் அடிச்சு ஒரு வாரம் பாருங்க, சில ரகம் தாங்காது.