புள்ளிச் சில்லை குருவி போட்டோ எல்லாம் ஷேக் ஆகுது, கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க

வணக்கம் நண்பர்களே, கோயம்புத்தூர்ல எங்க வீட்டுக்குப் பின்னாடி முருங்கை மரத்துல கொட்டாங்குச்சி கட்டி தினையும் கம்பும் போட்டு வெச்சிருக்கேன், காலைல ஆறரைக்கெல்லாம் புள்ளிச் சில்லைங்க கூட்டமா வந்துடுது, பாக்கவே அவ்ளோ அழகு.

70-300 மிமீ ஜூம் லென்ஸ், முழு ஜூம் 300ல வெச்சா அபர்ச்சர் (வெளிச்சம் உள்ள வர்ற துளை) எஃப் 5.6க்கு மேல திறக்காது, மர நிழல்ல ஐஎஸ்ஓ (கேமராவோட ஒளி உணர்திறன்) 800 போட்டா ஷட்டர் வேகம் 1/200 நொடி தான் கிடைக்குது, அதுங்க ஒரு நொடி கூட சும்மா இருக்காதா, நெஞ்சுல இருக்கற அந்த மீன் செதில் கோலம் மொத்தமா கலங்கிப் போகுது. ஐஎஸ்ஓ 3200 வரைக்கும் ஏத்தலாமா, இல்ல கொட்டாங்குச்சிய வெயில் படற இடத்துக்கு மாத்தலாமா? மூணு வாரம் காத்திருந்து வந்ததுங்க, இடம் மாத்துனா வராம போயிடுமோன்னு பயமா இருக்கு. ஃபிளாஷ் போட மனசு வரல. பின்னாடி சுவரு வேற ரெண்டடிலயே இருக்கு, அது மங்கலா தெரியணும்னா எவ்ளோ தள்ளி கட்டணும்?