தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு பெறும் மகிழ்ச்சி மகிழ்ச்சிதானா?

ஒற்றையடிப்பாதை:
எட்டு வருடம் ஒரு வேலையில் இருந்தேன். பிடித்த வேலை என்று ஊருக்கும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். ஞாயிறு சாயங்காலம் ஆனால் வயிற்றைப் பிசையும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பேன். வேலையை விட்டதும் வயிற்றுவலி நின்றுவிட்டது. அந்த எட்டு வருடத்தை மகிழ்ச்சிக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

தூறல்:
மறுக்கிறேன். கொஞ்சம்கூட ஏமாற்றிக்கொள்ளாமல் யார் வாழ்கிறார்கள்? ஷெல்லி டெய்லர், ஜோனத்தன் பிரவுன் என்ற இரு உளவியலாளர்கள் 1988இல் இதைத்தான் எழுதினார்கள்: மனநலத்தோடு இருப்பவர்கள் தங்களைச் சற்று உயர்வாகவே எடைபோடுகிறார்கள், நடப்பதெல்லாம் தங்கள் கையில் இருப்பதாக நினைக்கிறார்கள். அதற்கு முன் 1979இல் அலாய், ஆப்ராம்சன் என்ற வேறு இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பொத்தானைக் கொடுத்துப் பார்த்தார்கள். பொத்தானுக்கும் பச்சை விளக்குக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் விளக்கு அடிக்கடி எரிந்தபோது, மனச்சோர்வு இல்லாதவர்கள் தாங்கள்தான் எரியவைப்பதாக நம்பினார்கள். சரியாகக் கணித்தவர்கள் சோர்வில் இருந்தவர்கள்.

என் அம்மா நோயில் கிடந்த கடைசி மாதங்களில் "அடுத்த வருடம் எழுந்து நடப்பேன்" என்பார். அதை நான் உடைத்திருக்க வேண்டுமா?

ஒற்றையடிப்பாதை:
பொத்தான் சோதனையை 2022இல் இன்னும் நிறைய பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. அதை ஆதாரமாக வைக்காதீர்கள்.

அம்மா விஷயம் வேறு. நிச்சயம் உடைத்திருக்கக் கூடாது. ஆனால் அது நம்பிக்கை. நாளை நடக்கப்போவது யாருக்கும் தெரியாது, அதனால் நம்ப இடம் இருக்கிறது. என் வயிற்றுவலி அப்படியா? அது வாரந்தோறும் என் கண்முன்னால் நடந்தது.

தூறல்:
இல்லை, அவருக்கும் தெரியும். பரிசோதனை முடிவு வந்தால் உறையைப் பிரிக்காமலே என்னிடம் நீட்டிவிடுவார். தெரிந்துதான் பார்க்காமல் இருந்தார். அப்படியிருந்தும் அந்த மாதங்களில் அவர் சிரித்த சிரிப்பு பொய் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

படித்துறை:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அந்த உறை என்னை நிறுத்திவிட்டது. அவர் பிரிக்காததை நீங்கள் பிரித்தீர்கள், தூறல். ஒருவர் பார்க்க மறுப்பதைப் பக்கத்தில் இருக்கும் இன்னொருவர் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது. ஏமாற்றிக்கொள்பவர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்றே இருவரும் பேசுகிறீர்கள். அதன் பாரம் யார் தலையில் ஏறுகிறது என்பதும் கேள்விதானே?

தூறல்:
ஏறியது உண்மை. பல இரவுகள் தூங்கவில்லை. ஆனால் நானாக ஏற்றுக்கொண்டது அது. திரும்ப வந்தாலும் சுமப்பேன். என் பதில் மாறவில்லை.

ஒற்றையடிப்பாதை:
உங்களால் ஏற்றுக்கொள்ள முடிந்தது. என் மனைவியிடம் நான் கேட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளை என் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வாள். எதற்கென்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. இன்று அவளிடம் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.