ஒரு லீற்றர் டர்போவுக்கு எந்தப் பிளக்: ஒரு இலக்கம் குளிரானதா, கையேட்டில் உள்ளதா?

சுன்னாகத்தான்:
எல்லோருக்கும் வணக்கம். என்னுடைய கார் 2018 தயாரிப்பு. மூன்று சிலிண்டர், ஒரு லீற்றர் டர்போ, சிலிண்டருக்குள் நேரே பெற்றோல் விசிறும் வகை. 84,000 கி.மீ. ஓடிவிட்டது, பெற்றோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் ஒருதரமும் மாற்றவில்லை. போன கிழமை கொழும்புக்குப் போகும்போது பரந்தன் தாண்டி ஒரு லொறியை முந்துவதற்காக அக்சிலரேற்றரை ஆழ மிதித்தேன். கார் இழுக்காமல் இரண்டு மூன்று தரம் வெட்டி உதறியது. எதிரே பஸ் வந்துகொண்டிருந்தது. காலை எடுத்து, திரும்பவும் லொறிக்குப் பின்னாலேயே போய்விட்டேன். மனைவியும் பிள்ளைகளும் காருக்குள். மெதுவாக ஓடினால் ஒரு குறையும் தெரியவில்லை.

கராஜில் ஒரு இலக்கம் குளிரான, அதாவது நுனி குறைவாகச் சூடேறும், இரிடியம் பிளக் போடச் சொல்கிறார்கள். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் விசாரித்த கடையில் சாதாரண நிக்கல் பிளக் போதும் என்கிறார்கள். கையேட்டில் இருப்பது வேறு. யாருடைய சொல்லைக் கேட்பது?

கோண்டாவில் கராஜ்:
தம்பி, உங்கள் கராஜில் சொன்னது சரி. கையேடு எழுதியவர்கள் யப்பானையும் ஐரோப்பாவையும் நினைத்து எழுதியிருப்பார்கள். இங்கே சித்திரை வெயிலில் ஐந்து பேர், பொதிகள், ஏசி எல்லாவற்றோடும் ஏ9 வீதியில் மணிக்கணக்காக மிதிக்கிறீர்கள். பிளக்கின் நுனி 850 பாகைக்கு மேலே போனால், பொறி விழ முன்னமே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். அப்படி உருகிய பிஸ்டன் ஒன்றை இந்தக் கையால் கழற்றியிருக்கிறேன். விளிம்பு மெழுகுதிரி வடிந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு டர்போ என்று வந்தால் நான் ஒரு இலக்கம் குளிராகத்தான் பூட்டுகிறேன். நுனியில் பொறி பாய்கிற இடைவெளியையும் 0.7 மி.மீ.க்கு இறக்கிவிடுங்கோ.

வல்வைப் பொறியாளன்:
கோண்டாவில் அண்ணை, இடைவெளி பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். குளிர் பிளக் விஷயத்தில் உடன்பட முடியவில்லை.

பிளக்கின் குளிர், சூடு என்பது ஊர் வெயிலைப் பற்றிய கணக்கு அல்ல. நுனியில் ஏறும் வெப்பத்தை அந்தப் பிளக் எவ்வளவு கெதியாகச் சிலிண்டர் தலைக்கு இறக்கிவிடுகிறது என்பதுதான் விஷயம். உள்ளே வெள்ளைப் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் வெப்பம் நெடுந்தூரம் போக வேண்டும், நுனி சூடாகவே இருக்கும். மூக்கு குட்டையென்றால் கெதியாக இறங்கும், அதுதான் குளிர் பிளக். ஒரு இலக்கம் மாறினால் நுனியின் வெப்பம் ஏறத்தாழ 70 முதல் 100 பாகை வரை மாறும். எரியும் வாயுவின் வெப்பமோ 2,000 பாகையைத் தாண்டும். அதன் பக்கத்தில் வெளிக்காற்று பத்துப் பாகை கூடினால் என்ன, குறைந்தால் என்ன? பூஸ்டின், அதாவது டர்போ அமுக்கித் தரும் காற்றின், சூட்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துத்தான் தயாரித்தவன் அந்த இலக்கத்தைப் போட்டிருக்கிறான். அதற்கு மேலே நாங்கள் ஒன்று கூட்டினால் ஒரே விஷயத்துக்கு இரண்டு தரம் கணக்குப் பார்க்கிறோம்.

கீழ்ப்பக்கத்திலும் ஓர் எல்லை இருக்கிறது. நுனி ஏறத்தாழ 450 பாகைக்கு மேலே இருந்தால்தான் தன்னில் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். சுன்னாகத்தானின் கார் வருடம் முழுக்க ஏ9 இல் ஓடவில்லை. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவது, பின்னேரம் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்வருவது, எல்லாமே எஞ்சின் சூடேற முன்னம் முடியும் ஓட்டம். அதில் குளிர் பிளக் கரி பிடித்து, வேறொரு உதறலைக் கொண்டுவரும்.

மானிப்பாய் ஹயர்:
நான் வாடகைக்கு ஓடுகிறவன், என்னுடையதும் சின்ன டர்போ. எனக்கு இந்த இரிடியம் மோகம் பிடிபடவில்லை. செப்பு பிளக்தான் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். 20,000 கி.மீ.க்கு ஒருதரம் புதிதாகப் போடுங்கள், காசும் மிச்சம். ஒருமுறை ஆசைப்பட்டு இரிடியம் வாங்கினேன். 6,000 கி.மீ. ஓட முன்னமே நுனி தேய்ந்து மொட்டையாகிவிட்டது.

வல்வைப் பொறியாளன்:
6,000 கி.மீ.இல் மொட்டையானது இரிடியமாக இருக்க முடியாது அண்ணை. இரிடியம் உருகுவது 2,446 பாகையில், நிக்கல் 1,455 பாகையில். நல்ல இரிடியத்தின் நடு நுனி 0.4 முதல் 0.6 மி.மீ. வரைதான், ஊசி மாதிரி இருக்கும். உங்களுக்குக் கிடைத்தது போலியாகத்தான் இருக்கும். வாங்கும்போது நுனியையும், மரையின் வழுவழுப்பையும், பீங்கானில் உள்ள எழுத்தின் தெளிவையும் பாருங்கள். அடியில் உள்ள வளையம் விரலால் தட்டினாலே கழன்று விழுந்தால் வாங்காதீர்கள்.

செப்பு பிளக் என்பதும் பெயருக்குத்தான். செம்பு உள்ளே தண்டில் இருக்கிறது, இரிடியம் பிளக்கிலும் அப்படித்தான். பொறி பாய்கிற முனை நிக்கல் கலவை. தடித்த நிக்கல் முனையிலிருந்து பொறி பாயக் கூடுதல் வோல்ற்றேஜ் வேண்டும், மெல்லிய நுனியில் குறைவாகப் போதும். டர்போ காற்றை அமுக்கும்போது அந்தத் தேவை இன்னும் ஏறுகிறது, சுமை முழுக்க, அந்த வோல்ற்றேஜைக் கொடுக்கும் கொயிலின் தலையில். சொன்ன தவணைக்குத் தவறாமல் மாற்றினால் நிக்கலும் ஓடும். ஆனால் சுன்னாகத்தான் 84,000 வரை ஒன்றுமே மாற்றாதவர். அவருக்கு நிக்கல் சரிவராது.

மானிப்பாய் ஹயர்:
சரி, போலி என்றே வைப்போம். அப்போ எனக்கு நிக்கல்தான் நல்லது. மலிவான பொருளுக்குப் போலி செய்ய ஆள் குறைவு. நான் தவணை தவறுவதில்லை.

கோண்டாவில் கராஜ்:
வல்வைத் தம்பி, கணக்கு நல்லாயிருக்கு. அந்த உருகிய பிஸ்டனுக்கு என்ன பதில்?

வல்வைப் பொறியாளன்:
அந்தக் கார் தயாரித்தபடியே இருந்ததா, காரின் கணினியில் பூஸ்ட் கூட்டி எழுதியிருந்ததா? எந்தப் பெற்றோல், ஒக்டேன் 92 ஆ 95 ஆ?

கோண்டாவில் கராஜ்:
உண்மையைச் சொல்ல வேண்டும். பூஸ்ட் கூட்டிய கார்தான். பொடியன் 92 அடித்து ஓடினவன்.

வல்வைப் பொறியாளன்:
அப்படியென்றால் அந்தக் காருக்கு நீங்கள் சொன்ன வைத்தியம் முழுக்கச் சரி. பவர் 75 முதல் 100 குதிரைவலு கூடினால் ஒரு இலக்கம் குளிராக்கு என்பது எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. பிளக் கம்பனிகளில் என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் இலக்கம் கூடினால் குளிர், பொஷ்ஷில் இலக்கம் குறைந்தால் குளிர். இதைத் தலைகீழாகப் புரிந்து, குளிர் என்று நினைத்துச் சூடான பிளக்கைப் பூட்டினால் உங்கள் பிஸ்டன் கதைதான் திரும்பவும் நடக்கும். கையேட்டின்படி ஓடும் காரில் அந்த இலக்கத்தைத் தொட வேண்டாம் என்பதுதான் என் பேச்சு.

கோண்டாவில் கராஜ்:
கைமாறி வந்த காரில் முதல் சொந்தக்காரன் என்ன எழுதினான் என்று எனக்கு யார் சொல்வது? அதனால்தான் பாதுகாப்புப் பக்கம் நிற்கிறேன். கரி பிடித்தால் துடைக்கலாம், பிஸ்டனைத் துடைக்க முடியாது.

வல்வைப் பொறியாளன்:
அதைப் பழைய பிளக்கே சொல்லும். சுன்னாகத்தான், புதிது வாங்க முன்னம் மூன்றையும் கழற்றிப் பாருங்கள். பீங்கான் சுண்ணாம்பு வெள்ளையாகி, கொப்புளம் மாதிரிப் புள்ளிகள் இருந்தால் கோண்டாவில் அண்ணை சொல்வது சரி. கறுத்த உலர்ந்த கரி என்றால் இப்போது இருப்பதே அளவுக்கு மிஞ்சிய குளிர். புழுக்கொடியல் மாதிரி இளம் மண்ணிறம் என்றால் இலக்கம் சரி. எஞ்சின் முழுக்க ஆறியபின் கழற்றுங்கள். தலை அலுமினியம், சூட்டில் திருகினால் மரை போய்விடும்.

சுன்னாகத்தான்:
இன்று விடியக் கழற்றினேன். கொயிலை எடுத்ததும் குழிக்குள் செம்மண் தூசி. முதலில் காற்றடித்து எடுத்துவிட்டுத்தான் பிளக்கில் கை வைத்தேன், இல்லாவிட்டால் அவ்வளவும் சிலிண்டருக்குள் போயிருக்கும்.

நிறம் மூன்றிலும் புழுக்கொடியல்தான். கையேட்டில் இடைவெளி 0.7 முதல் 0.8. கம்பி அளவியால் பார்த்தேன், 1.0 கம்பி மூன்றிலும் தடையில்லாமல் போகிறது. நடு சிலிண்டர் பிளக்கில் இன்னொன்றும் கண்டேன். வெளிப் பீங்கானில் மேலிருந்து கீழே பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. பிளக்கை மூடும் கொயில் ரப்பரின் உட்பக்கத்திலும் அதே இடத்தில் அதே கோடு.

வல்வைப் பொறியாளன்:
உதறலுக்குக் காரணம் அதுதான். இடைவெளி அகன்றதால் பூஸ்டின் அழுத்தத்தில் பொறிக்கு உள்ளே பாய வழியில்லை, பீங்கானின் வெளிப்பக்கத்தால் இறங்கியிருக்கிறது. பிளக்கோடு அந்த ரப்பரையும் மாற்றுங்கள். பழைய ரப்பரை விட்டால் அந்தக் கோடு வழியாகவே புதுப் பிளக்கிலும் இறங்கும்.

கோண்டாவில் கராஜ்:
ஓம், கோடு விழுந்தால் ரப்பர் மாற்றத்தான் வேண்டும். நிறம் அப்படியென்றால் இந்தக் காருக்குக் கையேட்டு இலக்கமே போடுங்கோ. மரையில் கிறீஸ் ஒன்றும் பூச வேண்டாம், இறுக்கம் கூடிவிடும். கையால் முழுக்கத் திருகி, பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் றென்ச்சில் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கோ. பூஸ்ட் கூட்டிய கார் என் கராஜுக்கு வந்தால் குளிர்தான் போடுவேன், அதில் மாற்றம் இல்லை.

சுன்னாகத்தான்:
கையேட்டு இலக்கத்திலேயே இரிடியம் மூன்று, ஒரு ரப்பர். கடையிலேயே வளையத்தைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். பின்னேரம் முறிகண்டி வரை போய் வந்தேன். அதே பரந்தன் நேர்வீதியில் மிதித்தேன், வெட்டவில்லை. பழைய மூன்றையும் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். 5,000 கி.மீ. ஓடியபின் நடுப் பிளக்கைத் திரும்பக் கழற்றி நிறம் பார்த்து இங்கே எழுதுகிறேன்.