ஆதாமின் வீழ்ச்சியும் காதலும்: வாசிக்க வழிகாட்ட வேண்டுகிறேன்

மதிப்பிற்குரிய குழு நண்பர்களுக்கு வணக்கம். ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ (Paradise Lost) காவியத்தில் ஒன்பதாம் காண்டத்தைப் புரிந்துகொள்ள உங்கள் உதவி வேண்டும்.

ஏவாள் பாம்பின் பேச்சில் மயங்கிக் கடவுள் விலக்கிய கனியை உண்கிறாள், ஆதாமோ ஏமாறவில்லை. அவளுக்குச் சூட்டத் தொடுத்த பூமாலையோடு எதிர்கொண்டு வருகிறவன், நடந்ததைக் கேட்டதும் கை தளர்ந்து அதை நழுவவிடுகிறான். ரோஜாக்கள் வாடி உதிர்கின்றன. அவளில்லாமல் வாழ முடியாது என்று, சாவு உறுதி எனத் தெரிந்தே அவனும் உண்கிறான். ஆதாம் வஞ்சிக்கப்படவில்லை என்று பைபிளில் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபமே (கடிதமே) சொல்கிறது. துணையைப் பிரிய மனமில்லாமல் பாவத்துக்கு உடன்பட்டான் என்று பண்டைய கிறிஸ்தவ இறையியலாளர் அகுஸ்தீன் ‘கடவுளின் நகரம்’ நூலில் விளக்குகிறார். ஆனால் வாசிக்கிற நம்மையும் அவன் பக்கம் சாய வைப்பது மில்டனின் கவிதைதான். காவியத்தின் சிகரம் இதுவே என்பது என் எண்ணம்.

ஆதாம் வேறென்ன செய்திருக்கலாம்? அவளுக்காகக் கடவுளிடம் பரிந்து பேசியிருக்கலாமே என்ற கேள்வியை 1942இல் எழுத்தாளரும் விமர்சகருமான சி. எஸ். லூயிஸ் எழுப்பினார். 1947இல் விமர்சகர் வால்டாக், காதலுக்காகச் செய்ததைக் குற்றமெனக் கொள்ளச் சொல்லும் காவியத்தின் முரணைச் சுட்டினார். பத்தாம் காண்டத்தில், தண்டனை முழுவதும் தன்மேல் மட்டும் விழட்டும் என்று ஏவாள் ஆதாமின் காலடியில் அழுகிறாளே, அதை இந்தக் கேள்விக்கான பதிலாகக் கொள்ளலாமா? இந்தக் கோணத்தில் ஆராய்ந்த கட்டுரைகள், குறிப்பாகத் தமிழில் இருந்தால், அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.