கூழைக்கடா மஞ்சளா, வெள்ளையா? இரண்டு பைனாகுலர், இரண்டு நிறம்

மூலைக்கரைப்பட்டியான்:

என்னிடம் இரண்டு பைனாகுலர்கள் இருக்கின்றன. ஒன்று மாமனார் விட்டுச்சென்ற சோவியத் தயாரிப்பு, 8×30, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 30 மில்லிமீட்டர். இன்னொன்று தீபாவளி போனஸில் நான் வாங்கிய 8×42, குழாய்கள் வளையாமல் நேராக இருக்கும் நேர்க்குழல் வகை. கூந்தன்குளம் கரையில் நின்று கூழைக்கடாவைப் பார்த்தால் பழையதில் சந்தன மஞ்சளாகத் தெரிகிறது. புதியதில் சொட்டுநீலம் தூக்கலாகப் போட்டு அலசிய வேட்டி போலத் தெரிகிறது. மஞ்சள் மூக்கு நாரையின் வாலருகே இருக்கும் ரோஜா நிறமும் பழையதில் செம்மண் பக்கம் சாய்கிறது.

"புதியதில் நீலம் அடிக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடு" என்கிறார் மைத்துனர். அவருடைய அப்பாவின் பைனாகுலர் அல்லவா! என் மனைவியோ இரண்டிலும் ஒரு வித்தியாசமும் இல்லை என்கிறாள். எதுதான் உண்மை நிறம்? மாமனார் பொருளைக் குறை சொன்னால் இரவுச் சாப்பாடு தாமதமாகும், அதையும் மனத்தில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

நாங்குநேரிக்காரி:

எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் அண்ணாச்சி? மாலை ஐந்தரைக்கு மேல் குளத்தில் எல்லாமே மஞ்சள்தான், பைனாகுலர் என்ன செய்யும்? இன்னொன்று, கூழைக்கடா தூய வெள்ளை கிடையாது, சாம்பல் கலந்தது. இனப்பெருக்கக் காலத்தில் முதுகுப்பக்கம் லேசான ரோஜா நிறமும் ஏறும். அதை வைத்து வெள்ளையை அளந்தால் எந்தக் கண்ணாடியும் தேறாது. சின்னக் கொக்கை வைத்துப் பாருங்கள், அதுவும் காலை பத்து மணி வெளிச்சத்தில்.

கண்ணாடிக்கடை, பாளையங்கோட்டை:

தம்பி, மூக்குக்கண்ணாடி விற்பது என் தொழில். பழைய பைனாகுலர்களைப் பிரித்து, உள்ளே ஒளியைத் திருப்பும் பட்டகக் கண்ணாடியான பிரிசத்தில் பிடித்த பூஞ்சையைத் துடைத்துப் பூட்டிக் கொடுப்பது பக்கவேலை. அந்த உரிமையில் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

புதியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். மைத்துனர் கண்ட நீலம் பெரும்பாலும் பைனாகுலரில் இல்லை. மஞ்சளான ஒன்றைச் சற்று நேரம் பார்த்தால் கண் அதற்குப் பழகி, மஞ்சளைக் கழித்துவிட்டுக் காட்டத் தொடங்கும். உடனே சாயல் இல்லாத இன்னொன்றை எடுத்தால், கழிக்கும் வேலை நிற்காமல் தொடரும், நீலம் தெரியும். நீங்கள் சொட்டுநீலம் என்று எழுதியதும் இதில்தான் சேரும். பழையதை இறக்கி வைத்த கையோடு புதியதை எடுத்திருப்பீர்கள். உங்கள் மனைவி ஒன்றையே நெடுநேரம் வைத்துப் பார்ப்பவராக இருந்தால், வித்தியாசம் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

இப்படி மாற்றி மாற்றிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதை விடுங்கள். பகல் வெளிச்சத்தில், நேர்வெயில் படாத திண்ணையில் ஒரு வெள்ளைத்தாளை விரியுங்கள். இரண்டு பைனாகுலர்களையும் தலைகீழாகப் பிடித்து, கண் வைக்கும் பக்கம் தாளை நோக்கி இருக்க, பெரிய லென்ஸ் வழியாகப் பாருங்கள். உள்ளே தெரியும் வெள்ளையும் வெளியே கிடக்கும் தாளும் ஒரே பார்வையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அப்போது கண்ணால் ஏமாற்ற முடியாது.

பழையதில் மஞ்சள் தெரியும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துச் சோவியத் பைனாகுலர்கள் பலவற்றில் அது பேர்போன சங்கதி. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன் மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். உங்கள் 8×30 போன்றவற்றில் ஒளி கடக்க வேண்டிய பரப்புகள் பத்துக்குக் குறையாது. பூச்சு இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போயிற்று. 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா என்பவர் இதற்கு மருந்தாக மெல்லிய பூச்சைக் கொண்டுவந்தார். ஒற்றைப் பூச்சு ஒரு நிறத்துக்குத்தான் முழுசாக வேலை செய்யும். வழக்கமாகப் பச்சைக்குக் கணக்குப் பண்ணுவார்கள், சிவப்பும் ஊதாவும் கொஞ்சம் திரும்பிவிடும். லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்தால் முகத்தில் தெரிகிற நிறம் அதுதான், உங்கள் கண்ணுக்கு வராமல் போன நிறம். குற்றாலச் சீசன் கடைகளில் ரத்தச் சிவப்பாக மின்னும் லென்ஸோடு ஒரு சாதி பைனாகுலர் தொங்கும். சிவப்பை வாசலிலேயே விரட்டிவிட்டால் உள்ளே பச்சையும் நீலமும்தானே மிஞ்சும்? அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு யாராவது நாரை பார்க்க வந்தால் எனக்குக் கோபம் வரும்.

நேர்க்குழல் வகையில் வேறொரு சங்கடம். அவற்றில் பெரும்பாலானவற்றின் பிரிசத்தில் ஒரு முகத்துக்கு ரசம் பூசியே ஆக வேண்டும். அலுமினியம் மட்டம், வெள்ளி நல்லது ஆனாலும் ஊதா ஓரத்தில் சற்றுச் சோரும். பல அடுக்கு மின்கடத்தாப் பூச்சு என்றால் 99 விழுக்காட்டுக்கு மேல் நிறம் பார்க்காமல் அனுப்பும். உங்களுடையது எது என்று பெட்டியில் போட்டிருக்கிறதா பாருங்கள்.

மாமனார் பைனாகுலரைப் பரணில் போட்டுவிடாதீர்கள். அம்பாசமுத்திரம் பக்கம் போய்ப் பொதிகையை அதில் பாருங்கள். தூரத்து மலையை மறைக்கும் புகைமூட்டம் பெரும்பாலும் சிதறிய நீல ஒளி, மஞ்சள் சாயல் அதைக் கொஞ்சம் வெட்டிவிடும். நம் கண்ணும் நீலத்தை மற்ற நிறங்களோடு ஒரே இடத்தில் கூர்மையாகக் குவிப்பதில்லை, எனவே படம் பளிச்சென்று தோன்றும். உள்ளே வரும் ஒளி என்னவோ குறைவுதான். இருட்டும் நேரத்தில் மட்டும் அது வேண்டாம். அப்போது கண் அதிகமாக உணரும் ஒளியின் அலைநீளம் 555 நானோமீட்டரிலிருந்து 507 பக்கம், அதாவது நீலப்பச்சைப் பக்கம் நகர்கிறது. பழையது பிடித்து வைத்துக்கொள்வது அந்தப் பக்கத்து ஒளியைத்தான்.

மைத்துனருக்கு வயது என்ன? கண்புரை அறுவை ஏதும் நடந்ததா?

அம்பை மொட்டைமாடி:

நான் வானம் பார்ப்பவன், 6 அங்குல ஆடித் தொலைநோக்கி. ஆடியில் சாயல் தொல்லை அநேகமாக இல்லை. ஆனால் சாயல் வேறு, ஓரநிறம் வேறு. மலிவான லென்ஸ் தொலைநோக்கியில் வியாழனைச் சுற்றி ஊதா வளையம் தெரியும். அது நிறங்கள் ஒரே இடத்தில் குவியாததால் வருவது, கண்ணாடிக்கடை அண்ணாச்சி சொன்ன பூச்சுக் கதை இல்லை. நாரையின் விளிம்பில் மட்டும் ஊதாவும் பச்சையும் தெரிந்தால் அதுதான்.

கண்ணை நம்பக் கூடாது என்பதற்கு என் சாட்சி சிக்னஸ் மண்டலத்து அல்பிரியோ. பொன்னிறத்தில் ஒன்று, நீலத்தில் ஒன்று என இரட்டை விண்மீன். பக்கத்தில் பொன்னிறம் இருப்பதால்தான் அந்த நீலம் அவ்வளவு நீலமாகத் தோன்றுகிறது. குவியத்தைச் சற்றுக் கலைத்துப் பார்த்தால் நிறம் இன்னும் தெளிவாகப் பிடிபடும்.

மூலைக்கரைப்பட்டியான்:

தாள் வைத்துப் பார்த்துவிட்டேன். பழையதில் பழுத்த மஞ்சள், மறுப்பதற்கில்லை. புதியதும் தாளும் ஒன்றாகவே இருக்கின்றன, அந்த நீலத்தைக் காணோம். என் மனைவி ஒன்றை எடுத்தால் பொழுது சாயும்வரை கீழே வைக்கமாட்டாள் என்பதும் உண்மை. மைத்துனருக்கு 63 வயது, வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்திருக்கிறார். ஒற்றைக் கண்ணை மூடி மாற்றி மாற்றித் தாளைப் பார்க்கச் சொன்னேன். பைனாகுலரே இல்லாமல் வலது கண்ணில் நீலம் தெரிகிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். புதியதைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சு நின்றது. பழையதன் உள்ளே வெள்ளையாகச் சிலந்திவலை மாதிரி ஏதோ இருக்கிறது, துடைக்கலாமா?

கண்ணாடிக்கடை, பாளையங்கோட்டை:

வயது ஏற ஏற நம் கண்ணின் லென்ஸும் மஞ்சளாகும். புதிதாக வைத்த கண்ணில் நீலம் தெரியாவிட்டால்தான் ஆச்சரியம்.

உள்ளே இருப்பது பூஞ்சை. நீங்கள் திறக்க வேண்டாம், பிரிசம் நகர்ந்தால் படம் இரண்டாகத் தெரியும். மழைக்கு முன் கடைக்குக் கொண்டுவாருங்கள். அதுவரை புதியதோடு ஒரே பையில் வைக்காதீர்கள்.