கிணற்றுத் தண்ணீரை பிளேட்டில் (கிருமி வளர்க்கும் கிண்ணத்தில்) போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

வாவிக்கரை:
வந்தாறுமூலைக் கம்பஸில் படித்த காலம். வெள்ளம் வடிந்த கிழமை, மைக்ரோபயோலஜி பிராக்டிகலுக்கு அவரவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். எங்களுடையது கிரானில். பார்க்கத் தெளிந்த தண்ணீர். குடல் கிருமிகளை வளர்த்துக் காட்டும் மாக்கோன்கி பிளேட்டில் 0.1 மில்லி பரப்பி, கவிழ்த்து, 37 பாகையில் வைத்துவிட்டு வந்தோம். மறுநாள் மூடியைத் திறக்கவே தேவைப்படவில்லை. கடும் இளஞ்சிவப்பில் கொலனிகள், எண்ண முடியாதபடி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அத்தனையும் ஈ.கோலை, மலத்திலிருந்து வரும் கிருமி. அன்று காலையும் அம்மா அதைத்தான் செம்பில் மொண்டு குடித்தவர். அந்த நிறம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

சம்மாந்துறை பயோ:
சகோதரம், இளஞ்சிவப்பு என்றதும் ஈ.கோலை என்று முடிவெடுக்கக் கூடாது. லாக்டோசை, அதாவது பாற்சர்க்கரையைப் புளிக்கவைக்கிற எந்தக் கிருமியும் மாக்கோன்கியில் அந்த நிறம்தான். க்ளெப்சியெல்லா என்ற கிருமியும் அப்படித்தான், அது மண்ணிலும் செடியிலும்கூட இருக்கும். முறையாகப் பார்ப்பதென்றால் 100 மில்லியை 0.45 மைக்ரோன் வடிதாளில் வடித்து, தாளை அப்படியே பிளேட்டில் வைத்து 44 பாகையில் வளர்க்க வேண்டும். குடிதண்ணீரில் 100 மில்லிக்கு ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அப்புறம், வெள்ளம் ஏறிய கிணற்றை இறைத்து, குளோரின் போடாமல் பாவிக்க வேண்டாம். பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) சொல்லுங்கள். அதுவரை நன்றாகக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். நானும் பிளேட் போட்டிருக்கிறேன், எங்கள் கிணற்றில் பெரிதாக ஒன்றும் வரவில்லை.

லேப் அக்கா:
தம்பி, நிறத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு அப்படி ஒரு பிளேட்டைப் பார்த்தவர் பயப்படத்தான் வேண்டும், அதில் என்ன பிழை?
கல்முனைப் பக்கம் லேப்பில் வேலை செய்கிறேன். ஒரு வயதான அம்மாவின் சிறுநீரில் வளர்ந்த கிருமியை முல்லர் ஹின்டன் பிளேட்டில் பூசி, அன்டிபயோட்டிக் வில்லைகள் ஆறு வைத்தோம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழும். காலையில் எடுத்தால் ஐந்து வில்லையின் விளிம்புவரை கிருமி வளர்ந்திருந்தது. ஒன்றே ஒன்றைச் சுற்றித்தான் வட்டம். ஸ்கேலால் அளக்கும்போது கை நடுங்கிற்று. காய்ச்சலுக்கெல்லாம் பாமசியில் கேட்டு அன்டிபயோட்டிக் வாங்குகிறவர்களுக்கு அந்த பிளேட்டைக் காட்ட வேண்டும்.

அக்கரைப்பற்று டீச்சர்:
எனக்குக் கண்ணுக்குள் நிற்பது வேறு பிளேட். ஏ.எல். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக ஒரு பிளேட்டில் ஜெலட்டினும் ஒன்றில், கிருமி வளர்க்கிற கூழை உறையவைக்கும் ஏகாரும் ஊற்றி வைத்தேன். நம்ம ஊர் வெக்கையில் மதியத்துக்குள் ஜெலட்டின் தண்ணீராய் ஓடிற்று, ஏகார் அசையவில்லை. பின் வாங்கில் இருந்த பிள்ளை எழும்பி, “மிஸ், இது நோன்புக்கு உம்மா காய்ச்சுற கடப்பாசிதானே!” என்றாள். கிருமி ஆய்வாளர் ரொபர்ட் கோக்கின் ஆய்வுகூடத்துக்கும் ஏகார் சமையலறையிலிருந்துதான் போனது. 1881இல், அங்கே வேலை செய்த ஒருவரின் மனைவி ஃபனி ஹெஸ்ஸே சொல்லிக் கொடுத்தது அது. பெட்ரி இந்த பிளேட்டைச் செய்தது 1887இல். ஆனால் பிள்ளைகளுக்குத் தெரிந்தது பெட்ரியின் பெயர் மட்டும்தான். அந்த அம்மாவின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.
இன்னொன்று. பாடசாலையில் வளர்த்த பிளேட்டை டேப் ஒட்டி மூடியபடியே பார்க்க விடுங்கள். முடிந்ததும் பிளீச்சில் ஊறவைக்காமல் குப்பையில் போட வேண்டாம்.